ஓடினால்தான் வண்டி

அந்தக் காலத்து ஜமீன்தார்கள் புலியைச் சுடுவார்கள். தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, கண் இருந்த இடத்தில் கண்ணாடிக் கோலிக்குண்டைப் பதித்து, வரவேற்பறையில் நிறுத்திவிடுவார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம், "அடடா, உயிரோடு நிற்கிற மாதிரியே இருக்கிறதே!" என்று வாயைப் பிளப்பார்கள். புலியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

பழைய வண்டிகளுக்கும் இப்போது இதுதான் நடக்கிறது. துருவைச் சுரண்டி, பளபளவென்று பெயின்ட் அடித்து, ஹோட்டல் வாசலிலோ கண்காட்சி ஹாலிலோ நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, முன்னால் ஒரு போர்டு வைத்துவிடுகிறார்கள்: 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது'. உள்ளே திறந்து பாருங்கள். என்ஜின் ஜாமாகிக் கிடக்கும். சில வண்டிகளில் என்ஜினே இருக்காது. வைக்கோல் புலி!

என் கட்சி ரொம்ப எளிமையானது. ஓடாத வண்டியைப் 'புதுப்பித்தோம்' என்று சொல்லாதீர்கள். 'அலங்கரித்தோம்' என்று சொல்லுங்கள். சண்டை முடிந்தது.

இதற்கு நான் கூண்டில் ஏற்றப்போகும் சாட்சி ஒரு பனிவண்டி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தது. பெயர் பி-12. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள். பின்னால் புல்டோசரின் அடியில் சுற்றுமே, அந்த மாதிரி இரண்டு டிராக். பக்கவாட்டில் கப்பலில் இருப்பது போல வட்ட வட்டமாக ஜன்னல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய மரவட்டையும் ஒரு சின்னக் கப்பலும் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும்.

"ஃப்ரீஸருக்கு வெளியே பனியைப் பார்க்காத எங்களிடம் வந்து பனிவண்டி ரிப்பேர் பற்றி எதற்கு ஸார் அளக்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம். காரணம் இருக்கிறது. 'ஓடுகிற நிலை' என்ற இரண்டு வார்த்தைக்கு என்ன விலை என்று இந்த வண்டியின் பிறப்பைவிடத் தெளிவாகச் சொல்கிற கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

*

வால்கூர் என்பது கியூபெக்கில் ஒரு சின்ன ஊர். அங்கே 1907-ல் பிறந்தவர் ஜோசப் அர்மான் பாம்பார்டியர். டெல்லி மெட்ரோவில் போயிருக்கிறீர்களா? அதன் ரயில் பெட்டிகளில் பலவற்றைச் செய்தது பாம்பார்டியர் கம்பெனி. 2021-ல் அந்த ரயில் பிரிவை அல்ஸ்டாம் வாங்கிக்கொண்டது. அந்தக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த மனிதர்தான் இவர். அடிப்படையில் மெக்கானிக்.

1922-ம் வருடம் டிசம்பர் 31. பாம்பார்டியருக்குப் பதினைந்து வயது. ஒரு பழைய ஃபோர்டு மாடல்-டி காரின் என்ஜினைச் சறுக்குக் கட்டைகள் மேல் ஏற்றி, பின்னால் விமான விசிறி போல ஒன்றை மாட்டி, தம்பியோடு சேர்ந்து ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டினார். ஊரே திரண்டு பார்த்தது. அப்பா பார்த்தார். மூடியில்லாமல் சுழலும் அந்த விசிறியையும் பார்த்தார். "முதலில் இதைப் பிரித்துப் போடு" என்றார். எந்த ஊர் அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார்!

பத்தொன்பது வயதில் வால்கூரிலேயே சொந்தமாக கராஜ் திறந்தார். கோடையில் ஊர்க்காரர்களின் கார் ரிப்பேர். குளிர்காலத்தில் யாரும் கார் ஓட்ட முடியாது. மாதக்கணக்கில் ரோடு பனிக்கு அடியில் கிடக்கும். அந்த மாதங்களில் அவர் பனியில் ஓடும் வண்டி செய்து பார்ப்பார். செய்வார், உடைப்பார், மறுபடி செய்வார்.

1934 ஜனவரி. அவருடைய இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் கடுமையான வயிற்று வலி. குடல்வால் வீங்கி உள்ளே சீழ் பரவிவிட்டது. உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும். ஆஸ்பத்திரி இருப்பது ஷெர்புரூக் நகரத்தில், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. ரோடெல்லாம் பனி மூடிக் கிடக்கிறது. பாம்பார்டியரின் பட்டறையில் பனிவண்டி இருக்கிறது. ஆனால் ஓடுகிற நிலையில் இல்லை.

குழந்தை இறந்துபோனது.

பட்டறையில் ஒரு வண்டி 'இருப்பதற்கும்', அது 'ஓடுவதற்கும்' இடையே எவ்வளவு தூரம் என்று இனி யாராவது என்னைக் கேட்டால், 50 கிலோமீட்டர் என்று சொல்வேன்.

*

அதற்குப் பிறகு அந்த மனிதர் விடவில்லை. பனியில் வண்டி மாட்டிக்கொள்வது ஏன் என்பதற்கு ஒரு மெக்கானிக்கின் விடை கண்டுபிடித்தார். டிராக்கைச் சுழற்றும் பல்சக்கரத்தை ரப்பரால் போர்த்தினார். வெறும் இரும்புப் பல்லாக இருந்தால் பனி அதில் ஒட்டி, இறுகி, கல்லாகிவிடும். ரப்பர் வளைந்து கொடுத்து அதை உதறித் தள்ளும். டிராக்கும் ரப்பர் பெல்ட்தான், குறுக்கே எஃகுச் சட்டங்கள். இந்த அமைப்புக்கு 1937 ஜூன் 29-ம் தேதி பேட்டன்ட் கிடைத்தது. முதலில் ஏழு பேர் உட்காரும் பி-7 வந்தது. 1940-களின் தொடக்கத்தில் பன்னிரண்டு பேருக்கான பி-12 வந்தது. ஆரம்பத்தில் ஆரக்கால் வைத்த சக்கரங்கள். அதில் பனி அடைத்துக்கொள்கிறது என்றதும் தட்டையான மூடிய சக்கரங்களாக மாற்றினார்.

பி-12 வண்டியில் டாக்டர் போனார். பாதிரியார் போனார். தபால் போனது. நோயாளிகள் போனார்கள். இன்னும் பெரிய உடம்போடு சி-18 என்று ஒன்று செய்து அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனார்கள். ஆயிரக்கணக்கில் செய்து விற்றார்கள்.

அப்புறம் ஒருநாள் அரசாங்கம் நல்ல காரியம் ஒன்று செய்தது. 1948-ல் கியூபெக் அரசு, குளிர்காலத்திலும் ரோடுகளில் பனியை அகற்றியாக வேண்டும் என்று சட்டம் போட்டது. ஜனங்களுக்குச் சந்தோஷம். பனிவண்டிக் கம்பெனிக்கு இடி. ஒரே வருடத்தில் விற்பனை கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. பாம்பார்டியர் காட்டு வேலைக்கும் சுரங்க வேலைக்கும் டிராக் டிராக்டர் செய்யப் போனார். 1959-ல் ஒருவர் இருவர் ஏறும் 'ஸ்கி-டூ' வந்தது. அது தனிக் கதை. 1964-ல் அவர் காலமானபோது வயது 56.

ரோடு வந்த ஊர்களில் பி-12 வண்டிகள் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படுத்தன. ரோடே வர முடியாத இடங்களில் மட்டும் அவை சாகவில்லை. மானிட்டோபா மாகாணத்தில் வின்னிபெக் ஏரி என்று ஒன்று. ஏரி என்றுதான் பெயர், பார்த்தால் கடல். குளிர்காலத்தில் அது உறைந்துபோனதும் மீனவர்கள் பனிக்கட்டியில் துளை போட்டு வலை இறக்குவார்கள். உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அவர்களை நடு ஏரிக்கு ஏற்றிக்கொண்டு போனது இந்தப் பழைய வண்டிதான். அந்த மீனவர்கள் பேச்சில் பாம்பார்டியர் என்றால் ஒரு கம்பெனியின் பெயர் கிடையாது. வாசலில் நிற்கும் வண்டியின் பெயர்.

*

சரி, கொட்டகைக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிறதே, அந்த வண்டிக்கு வருவோம். அதைத் தேடி மூன்று வகை ஆட்கள் வருவார்கள்.

முதல் ஆள் காயலான் கடைக்காரர். இவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. எடை போட்டுக் காசைக் கொடுத்துவிட்டு, உடைத்துப் போடுவார். தான் செய்வது இன்னதென்று மறைக்காத மனிதர்.

இரண்டாவது ஆள் ரசிகர். "ஆஹா, அந்த வட்ட ஜன்னல்!" என்று உருகுவார். வாங்கிக்கொண்டு போய் டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, புல்வெளியில் நிறுத்தி, முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். என்ஜினைப் பற்றிக் கேட்டால், "அதுக்கெல்லாம் யார் ஸார் மெனக்கெடறது?" என்பார்.

மூன்றாவது ஆள் அவசரக்காரர். பழைய என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு, இன்றைய கார் என்ஜினையும் கியர்பாக்ஸையும் உள்ளே வைத்து, குளிர்சாதனம், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டி, "இதோ ஓடுது பாருங்க" என்பார். ஓடுவது எது? மேலே இருப்பது பி-12-ன் சட்டை. உள்ளே இருப்பது வேறு ஆள். வின்னிபெக் ஏரியின் மீனவர் கைக்குக் கிடைத்த என்ஜினைப் போட்டு ஓட்டினால் அவரை நான் கும்பிடுவேன். அது பிழைப்பு. அவர் அதைப் 'பாரம்பரிய மறுசீரமைப்பு' என்று போர்டு எழுதி வைக்கவும் இல்லை.

இந்த மூவரையும் தாண்டி நாலாவதாக ஒருவர் வருவார். கையில் தேய்ந்துபோன ஸ்பேனர், வாயில் முணுமுணுப்பு, பாக்கெட்டில் பென்சில். நான் கட்சி கட்டுவது இந்த ஆளுக்காகத்தான்.

இவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

முதலில் என்ஜின். பி-12-ல் அது வண்டியின் பின்பக்கம் இருக்கும். பெரும்பாலும் கிரைஸ்லர் கம்பெனியின் ஆறு சிலிண்டர் என்ஜின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்கில் இருக்கும். மேலே ஹெட் என்பது ஏறக்குறைய ஒரு மூடி. எளிமையான சாமான். ஆனால் முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் துருவில் ஒட்டிக்கொண்டுவிடும். பலத்தைக் காட்டி இழுத்தால் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் துருவை இளக்கும் ஆயிலை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அல்ல, வாரக்கணக்கில். பிறகு கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். முதல் முறை அது ஒரு நூல் அளவு நகரும்போது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டும், பேரன் பிறந்த மாதிரி இருக்கும்.

அடுத்தது உடம்பு. மரச் சட்டமும் பிளைவுட்டும். ஈரம் ஏறினால் பிளைவுட் ஏடு ஏடாகப் பிரியும். அழுகிய பலகை என்று உடனே பிய்த்துப் போடக்கூடாது. அந்த அழுகிய பலகைதான் புதுப் பலகைக்கு அளவு. அதை வைத்து வரைந்துகொண்ட பிறகுதான் கழற்ற வேண்டும். குப்பை என்று நினைத்து எரித்தவர்கள், வளைவு எத்தனை டிகிரி என்று ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

டிராக்குக்கு வருவோம். ரப்பர் பெல்ட் வெடித்திருக்கும். தொழிற்சாலைகளில் சரக்கு நகர்த்தும் கன்வேயர் பெல்ட் ரப்பரை அறுத்துப் புது பெல்ட் செய்யலாம். குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நெளிசல் நிமிர்த்தி, தேய்ந்ததை மாற்றி, இடைவெளி பிசகாமல் பூட்ட வேண்டும். இழுவை அதிகமாகிவிட்டால் பேரிங்கைத் தின்னும். தொளதொளவென்று விட்டால் பல்சக்கரத்தின் மேல் ஏறிக் குதிக்கும். நடு ஏரியில் கழன்றும் விழும்.

அப்புறம் புகைக்குழாய். என்ஜின் ஆட்கள் உட்காரும் அதே கூண்டுக்குள் இருக்கிறது. ஜன்னலெல்லாம் குளிருக்கு மூடியிருக்கும். புகைக்குழாயில் ஒரு விரிசல் இருந்தால் போதும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உள்ளே நிரம்பிப் பயணிகளைத் தூங்கவைத்துவிடும், எழுந்திருக்காத தூக்கமாக. பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் டாங்க், துணி சுற்றிய பழைய ஒயர் என்று இப்படியே பட்டியல் நீளும்.

இதில் எத்தனை வேலை புல்வெளி ரசிகருக்குத் தேவை? ஒன்றுகூட இல்லை. பெயின்ட் அடித்தால் போதும். உள்ளே பல்சக்கரம் மொட்டையா, பேரிங் இருக்கிறதா என்று எந்த வேடிக்கை பார்ப்பவரும் கேட்கப்போவதில்லை. பெயின்ட்டை வைத்து ஊரை ஏமாற்றலாம். மைனஸ் 25 டிகிரி குளிரில், காலை ஆறு மணிக்கு, ராத்திரியெல்லாம் வெளியே நின்ற வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அப்போது எல்லாப் பொய்யும் வெளியே வந்துவிடும். ஓட வேண்டும் என்ற ஒரு நிபந்தனைதான் ரிப்பேர்காரனை நேர்மையாக வைத்திருக்கிறது. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால், மிச்சமிருப்பது மேக்கப்.

*

இப்போது எதிர்க்கட்சிக்காரர்கள் பேசட்டும். அவர்களில் இரண்டு பேர் கெட்டிக்காரர்கள்.

முதல் ஆள் ஆடிட்டர். பி.காம். படித்தவன் என்பதால் இவர் பாஷை எனக்கும் பாஷைதான். "வண்டி வாங்கிய விலையில் வருடா வருடம் தேய்மானம் கழித்தாயிற்று. மிஞ்சியிருப்பது ஸ்க்ராப் வேல்யூ. அதன் மேல் இவ்வளவு செலவு செய்து ஓடவைத்தால், விற்கும்போது செலவழித்த பணம்கூடத் திரும்பாது. இது என்ன முதலீடு?"

கணக்கு சரி. கேள்விதான் தப்பு. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறோம். அதில் ரிட்டர்ன் எத்தனை பர்சென்ட் என்று எந்த ஆடிட்டராவது கேட்டதுண்டா? கேட்டால் சாப்பாடு போடுவார்களா? சில செலவுகளுக்கு வரவுப் பக்கம் வேறு நோட்டில் இருக்கிறது.

தேய்மானக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது இரும்பு தேய்வதை மட்டும்தான் எழுதும். அந்த இரும்பைத் தெரிந்த கை தேய்வதை எழுத அதில் இடமே இல்லை. எண்பது வயது மெக்கானிக் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு என்ஜின் சத்தத்தைக் கேட்டு, "மூணாவது சிலிண்டர்ல வால்வு ஒழுங்கா உட்காரலை" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போன மறுநாள் எந்தக் கம்பெனியின் ஐந்தொகையிலும் ஒரு பைசா குறையாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியை ஓட்டவைக்க முடியாது. அந்த அறிவை ஒரு இளைஞனுக்கு மாற்றிக் கொடுக்க ஒரே வழி, இரண்டு பேரும் ஒரே என்ஜினில் குனிந்து வேலை பார்ப்பது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். இந்தப் பழைய பனிவண்டிதான் அந்தக் காரணம். செலவான பணத்தில் பெரும்பகுதி உழைப்புக்குத்தான் போகிறது. வாங்கியது ஒரு வண்டி. கூடவே வந்தது ஒரு மெக்கானிக். ஆடிட்டர் ஸார், இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

இரண்டாவது ஆள் மியூசியக்காரர். இவர் வாதம் கனமானது. "ஓட்டினால் தேயும். தேய்ந்ததை மாற்றினால், ஒரிஜினல் போய்விடும். பத்து வருடத்தில் உங்கள் கையில் இருப்பது பழைய வண்டி அல்ல, பழைய வண்டியின் நகல். சும்மா நிற்கவிட்டால் ஒவ்வொரு ஆணியும் 1940-களின் ஆணியாகவே இருக்கும்."

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விவியன் ஃபுக்ஸ் தலைமையிலான குழு 1957-58-ல் அன்டார்க்டிகா கண்டத்தைக் குறுக்காகக் கடந்தது. 99 நாள் பயணம். கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தரைவழியே கடந்தது அதுதான் முதல் தடவை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எம்மிட் டக்கர் என்பவரின் கம்பெனி செய்த 'ஸ்னோ-கேட்' வண்டிகள் நான்கு அதில் போயின. அவற்றில் 'ஏபிள்' என்று பெயரிட்ட வண்டி நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் கேன்டர்பரி மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதை எடுத்து ஓட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது சரித்திரத்தின் கண்கண்ட சாட்சி. அதன் ஒவ்வொரு கீறலும் வாக்குமூலம். கீறலை அழித்தால் குற்றம். அதற்குப் பெயின்ட்கூட அடிக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி.

ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து, டாக்டரையும் தபாலையும் சுமந்த பி-12 அப்படிப்பட்ட சாட்சி அல்ல. அது ஓர் உழைப்பாளி. அதன் பெல்ட்டும் பேரிங்கும் பிளக்கும் முதல் குளிர்காலத்திலிருந்தே தேய்வதற்காகவும் மாற்றுவதற்காகவும் செய்யப்பட்டவை. 1946-ல் வண்டிக்காரர் பெல்ட் மாற்றியபோது வண்டி போலியாகிவிட்டதா? பிறகு இன்று மாற்றினால் மட்டும் எப்படிப் போலியாகும்? அப்புறம், சும்மா நின்றால் அழியாது என்று யார் சொன்னது? ஓடாத ரப்பர் வெடிக்கும். சுற்றாத பேரிங்கில் துரு ஏறும். டாங்கில் தங்கிய பெட்ரோல் பிசினாகும். நடக்காத மனுஷனுக்குக் காலில் என்ன ஆகுமோ அதுதான் வண்டிக்கும். ஒன்றை அப்படியே காப்பாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மற்றதை ஓடவிடுங்கள். காப்பாற்றவும் மாட்டோம், ஓடவைக்கவும் மாட்டோம், பெயின்ட் மட்டும் அடிப்போம் என்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன்.

*

அன்டார்க்டிகா பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபுக்ஸுக்கு அரை நூற்றாண்டு முன்னால், 1910-ல், கேப்டன் ஸ்காட் தென்துருவத்துக்குக் கிளம்பியபோது டிராக் வைத்த மோட்டார் வண்டிகள் மூன்றைக் கொண்டுபோனார். அந்தக் காலத்துக்குப் பெரும் பணம், ஒவ்வொன்றும் 1,000 பவுண்டு. அவற்றை உருவாக்குவதில் உடனிருந்தவர் ரெஜினால்ட் ஸ்கெல்டன் என்ற கடற்படை என்ஜினீயர். ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் அவருக்குத் தெரியும். குழுவில் அவரும் போவதாகத்தான் இருந்தது. ஆனால் பயணத்தின் துணைத் தலைவர் எவன்ஸ் எதிர்த்தார். காரணம்? ஸ்கெல்டனின் பதவி எவன்ஸின் பதவியைவிடப் பெரியது. தனக்குக் கீழே தன்னைவிடப் பெரிய அதிகாரி எப்படி வேலை பார்ப்பது? ஸ்கெல்டன் இறக்கிவிடப்பட்டார்.

வண்டியை ஏற்றிக்கொண்டார்கள், வண்டியைத் தெரிந்தவரைக் கரையில் விட்டுவிட்டார்கள்!

மூன்று வண்டியில் ஒன்று 1911 ஜனவரி 8-ம் தேதி கப்பலிலிருந்து இறக்கும்போதே பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போனது. மற்ற இரண்டும் அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் கிளம்பின. சுற்றிலும் உறைபனி, ஆனால் என்ஜின் ஓவர்ஹீட்! பேரிங் உடைந்தது. கிளம்பிய பத்து நாட்களுக்குள் இரண்டையும் வழியில் விட்டுவிட்டு, அந்தக் குழுவினர் சுமையைத் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஃபுக்ஸ் குழுவில் டேவிட் பிராட், ராய் ஹோமார்ட் என்ற இரண்டு என்ஜினீயர்கள் கூடவே போனார்கள். வழியில் பனிப்பிளவின் மேலிருந்த பாலம் உடைந்து ஒரு ஸ்னோ-கேட் பாதாளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கியது. அந்தப் போட்டோ உலகப் பிரசித்தம். மற்ற வண்டிகளை வைத்து இழுத்து, டிராக்குக்கு அடியில் அலுமினியப் பலகை கொடுத்து மீட்டார்கள். நான்கு ஸ்னோ-கேட்டும் மறுகரை போய்ச் சேர்ந்தன.

1911-ன் என்ஜினும் 1957-ன் என்ஜினும் ஒன்றல்ல, தெரியும். ஸ்கெல்டன் போயிருந்தால் சரித்திரமே மாறியிருக்கும் என்று ஜோசியம் சொல்லவும் நான் தயாரில்லை. ஆனால் ஒரு இயந்திரத்தை வாங்குவது வேறு, அதை ஓடவைக்கும் ஆளைக் கூட வைத்திருப்பது வேறு என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் எது?

*

இதெல்லாம் பழங்கதை என்று புரட்டிவிடாதீர்கள். சண்டை இன்றைக்குத்தான் சூடாக நடக்கிறது.

பி-12-ஐப் பிரிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஸ்பேனர் போதும். இன்றைய வண்டிகளில் என்ஜினுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் பூட்டுக்குச் சாவி கம்பெனியிடமும் டீலரிடமும். கோளாறு என்ன என்று படிக்கவே அவர்களுடைய சாஃப்ட்வேர் வேண்டும். சொந்தக்காரன் தன் காசில் வாங்கிய வண்டி முன்னால் கைகட்டி நிற்கிறான். அமெரிக்க விவசாயிகள் இதை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய இயந்திரங்களுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ரிப்பேரைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது என்று குற்றம்சாட்டி டிராக்டர் கம்பெனியான ஜான் டியர் மீது வழக்குத் தொடர்ந்தது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் ரிப்பேர் உரிமைக்கென்றே ஓர் உத்தரவு போட்டது.

இந்த உரிமையை யார் கேட்பார்கள்? ரிப்பேர் என்றால் என்னவென்று தெரிந்தவன்தான் கேட்பான். என்ஜினைத் திறந்தே பார்க்காத தலைமுறைக்கு, அது பூட்டிக் கிடக்கிறது என்றே தெரியாது. பிறகு எங்கே உரிமை கேட்பது? பழைய பனிவண்டியை உருட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, பழைய டப்பாவில் நட்டுகளைப் போட்டு, எது எங்கே என்று நோட்டில் எழுதி, மறுபடி பூட்டுகிறாரே அந்த நாலாவது ஆள், அவரை உலகம் பைத்தியம் என்று சொல்லலாம். நான் அவரை ஆதாரம் என்பேன். மனுஷன் செய்ததை மனுஷன் திறந்து பார்க்கலாம், சரிசெய்யலாம் என்பதற்கு நம்மிடம் இருக்கும் உயிருள்ள ஆதாரம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எங்கேயாவது பழைய வண்டி ஒன்றைப் பளபளவென்று நிறுத்தி, 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று போர்டு வைத்திருந்தால், அங்கே நிற்கிற ஆளிடம் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஸ்டார்ட் ஆகுமா?"

ஆகும் என்றால் கைகுலுக்குங்கள். அதைப் பூட்டிய மெக்கானிக் யார் என்று கேட்டு, முடிந்தால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஆகாது என்றால், போர்டை மாற்றச் சொல்லுங்கள். 'முழுமையாக' என்ற வார்த்தை அந்தப் புலிக்குச் சொந்தமில்லை.